டப்பாவில் போட்ட மாதக் கணக்கும் தொட்டியில் நிற்கும் நெல்லும்

மெதுவாகக் கரையும் உர டப்பாவில் "3–4 மாதம்" என்று போட்டிருக்கும். குறுகிய கால நெல்லும் 105, 110 நாள் பயிர்தானே, அப்படியென்றால் நடவின்போது ஒரே தடவை அளந்து போட்டுவிட்டால் அறுவடை வரைக்கும் உரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று தோன்றுவது இயல்புதான். நானும் அப்படி நம்பித்தான் பசுமைக்குடிலில் முதல் தொகுதித் தொட்டிகளை வைத்தேன். முதல் மாதம் பயிர் கருகருவென்று எழும்பியது, தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) மேல் தூர் வெடித்தது, பார்த்தவர்கள் எல்லாம் என்ன உரம் என்று கேட்டார்கள். ஐம்பதாம் நாள் வாக்கில் அடியிலைகள் வெளுக்க ஆரம்பித்தன. அடுத்த பத்து நாளில் செடி முழுக்க வெளிர் பச்சை. கடைசியில் ஒரு தொட்டியில் முப்பதுக்கு மேல் தூர் இருந்தது, ஆனால் அதில் பாதி கதிரே விடவில்லை. விட்ட கதிர்களும் குட்டை, நுனியில் பதர்.

உரத்தில் குறை இல்லை. அந்த "3–4 மாதம்" 21 டிகிரி செல்சியஸில் போட்ட கணக்கு. என் பசுமைக்குடில் 21 டிகிரியை எந்தப் பகலிலும் பார்த்ததில்லை.

இதைப் புரிந்துகொள்ள அந்த உர மணி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆஸ்மோகோட், மல்டிகோட், நியூட்ரிகோட் என்று கடையில் கிடைப்பவை எல்லாம் அடிப்படையில் ஒரே மாதிரிதான்: நடுவில் சாதாரண ரசாயன உரக் குருணை, அதைச் சுற்றி மெல்லிய பிசின் அல்லது பிளாஸ்டிக் உறை. ஈரமான கலவையில் போட்டதும் நீராவி உறையைத் தாண்டி உள்ளே போகிறது, உப்பு கரைகிறது, உள்ளே அழுத்தம் ஏறி மணி லேசாக உப்புகிறது, பிறகு கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக உறை வழியே கசிந்து வெளியே வருகிறது. நுண்ணுயிருக்கு இதில் பங்கு இல்லை, மண்ணின் கார அமிலத் தன்மைக்கும் பெரிய பங்கு இல்லை. தண்ணீர் கூடக் குறைய ஊற்றுவதும், கலவை ஈரமாக இருக்கும் வரை, வேகத்தைப் பெரிதாக மாற்றாது. வேகத்தை முடிவு செய்வது உறையின் தடிமன், அப்புறம் வெப்பநிலை. உறையின் தடிமனைத் தொழிற்சாலை முடிவு செய்துவிடுகிறது. நம் கைக்கு மிஞ்சுவது வெப்பநிலை மட்டும்தான்.

தோராயமான கணக்கு இது: வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வெளிவரும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 21 டிகிரியில் 3–4 மாதம் வரும் உரம் 31 டிகிரியில் ஐம்பது, அறுபது நாளில் தீர்ந்துவிடும். பொருளுக்குப் பொருள் வித்தியாசம் உண்டு, இருந்தாலும் திசை இதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், எல்லா நிறுவனமும் 21 டிகிரியை அடிப்படையாக வைப்பதில்லை. ஜப்பானியத் தயாரிப்புகள் 25 டிகிரியில் எத்தனை நாள் என்று சொல்கின்றன. ஆக ஒரே "100 நாள்" இரண்டு டப்பாவில் இரண்டு வேறு பொருள் தரும். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த டிகிரியைப் படிக்காமல் முன்பக்கத்து மாதத்தைப் படிப்பதில் பயனில்லை.

நான் சொல்லும் வெப்பநிலை காற்றின் வெப்பநிலை இல்லை. மணி இருப்பது வேர்ப்பகுதியில், அதனால் தொட்டிக்குள் என்ன சூடு என்பதுதான் கணக்கு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கத்தைச் சித்திரை மாதம் மதியம் மூன்று மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கையை வைத்திருக்க முடியாது. அந்த ஓரத்தில் கலவை 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த ஓரத்தில் இருக்கும் மணிகள் நடுவில் இருப்பவற்றை விட முன்னதாகவே காலியாகிவிடும். மேசையின் ஓர வரிசைத் தொட்டிகள் முதலில் மஞ்சளாவதற்கு ஓர வெளிச்சத்தைத்தான் பொதுவாகக் காரணம் சொல்வார்கள், உரம் முன்கூட்டியே ஓடிப்போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. வெள்ளைத் தொட்டி, அல்லது கறுப்புத் தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைப்பது, இரண்டுமே நன்றாக உதவும். தண்ணீர் தேங்கிய நெல் தொட்டி கொஞ்சம் பரவாயில்லை, தண்ணீர் சூட்டை மெதுவாக வாங்கும்.

சரி, அப்படியானால் தானியப் பயிருக்கு இந்த உரம் உகந்ததே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் நார்விச் நகரத்து ஜான் இன்னஸ் மையத்தில் கோதுமை வளர்க்கும் தொட்டிக் கலவையில் கரி மண்ணும், சாதாரண மண்ணும், கரடு மணலும், கொஞ்சம் அடியுரமும், அத்துடன் லிட்டருக்கு 1 கிராம் அளவில் சிறு மணி ஆஸ்மோகோட்டும் இருக்கும். 2018இல் அவர்களும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட "வேகத் தலைமுறை" முறையில் ஒரு நாளைக்கு 22 மணி நேரம் விளக்கு எரிய விட்டு, பகலில் 22 டிகிரியும் இரவில் 17 டிகிரியும் வைத்து, கோதுமையில் ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கிறார்கள். அங்கே டப்பாக் கணக்கும் அறைக் கணக்கும் ஒன்றாகப் போகின்றன. அந்தக் கட்டுரையில் இருக்கும் கலவையை அப்படியே எடுத்துக் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒரு பாலித்தீன் குடிலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏன் அதே மாதிரி வரவில்லை என்று கேட்பதுதான் சிக்கல்.

இன்னொரு வித்தியாசம், அவர்களுக்கு ஒரு செடியிலிருந்து சில விதை கிடைத்தால் போதும். ஒற்றைத் தண்டு, ஒற்றைக் கதிர், அடுத்த தலைமுறைக்குப் போய்விடுவார்கள். நெல்லில் இதே மாதிரி வேகப்படுத்துவதற்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாரணாசி மையம் ஒரு முறையைக் கொண்டுவந்திருக்கிறது, அறுபது நாளுக்குள் பூக்க வைத்து ஆண்டுக்கு நான்கைந்து தலைமுறை எடுக்கலாம். ஆனால் விளைச்சலை அளக்க வேண்டும், தூரையும் கதிரையும் எண்ண வேண்டும், ரகத்தோடு ரகம் ஒப்பிட வேண்டும் என்றால் உர விஷயத்தில் கவனம் வேறு மாதிரி தேவை.

தானியத்துக்கும் பூச்செடிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. இந்த உறை உரங்கள் முதலில் பரவியது நாற்றங்கால்காரர்களிடம், பூச்செடி, அலங்காரச் செடி, மரக்கன்று வளர்ப்பவர்களிடம். செம்பருத்திக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்துக்கொண்டே இருந்தால் போதும், என்றைக்குக் கூட, என்றைக்குக் குறைய என்பது பெரிய விஷயமில்லை. நெல்லுக்கு அப்படி இல்லை. நாற்றுப் பருவத்தில் அதன் பசி மிகக் குறைவு. தூர் கட்டும் பருவத்தில் ஏறுகிறது. கதிர் உருவாகும் பருவத்தில், அதாவது 110 நாள் ரகத்தில் விதைத்து ஏறத்தாழ 45ஆம் நாளில் தொடங்கி தொண்டைக்கதிர் (கதிர் வெளியே வராமல் இலையுறைக்குள் உப்பி நிற்கும் பருவம்) வரைக்கும், உச்சத்தில் இருக்கிறது, ஒரு கதிரில் எத்தனை மணி என்பது அப்போதுதான் முடிவாகிறது. பூத்த பிறகு வேர் புதிதாக எடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) கொஞ்சம்தான், பெரும்பகுதி இலையிலும் தாளிலும் சேர்த்து வைத்ததைத்தான் கதிருக்கு மாற்றுகிறது. கோதுமை, சோளம், கேழ்வரகு எல்லாவற்றுக்கும் நாள்கள்தான் மாறும், இந்த ஏற்ற இறக்கத்தின் வடிவம் இதேதான்.

இப்போது உரத்தின் ஓட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண உறை உரம் முதல் வாரங்களில்தான் அதிகம் கொடுக்கும், நாள் ஆக ஆகக் குறையும். பயிரின் பசியோ பின்னால் ஏறுகிறது. சூடான குடிலில் உரத்தின் ஓட்டம் இன்னும் முன்னால் தள்ளிப்போகிறது, பயிர் கேட்காத நேரத்தில் கொட்டுகிறது, கேட்கும் நேரத்தில் கை விரிக்கிறது. என் தொட்டிகளில் நடந்தது இதுதான்: முதல் மாதத்துத் தாராளத்தை நம்பிச் செடி முப்பது தூர் போட்டது, பிறகு அத்தனை தூருக்கும் சோறு போட உரம் இல்லை.

சரி, நீண்ட கால உரத்தைப் போட்டுவிடலாமே, 8–9 மாத டப்பா வாங்கினால் சூட்டில் அது நான்கு மாதமாகிவிடும், கணக்கு சரியாகிவிடும் என்று அடுத்து தோன்றும். பாதி சரி. அது பயிர் முற்றும் நேரத்திலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். கதிர் பழுக்க வேண்டிய நேரத்தில் இலை பச்சையாகவே நிற்கும், அடியிலிருந்து புதுத் தூர் கிளம்பும், ஒரே தொட்டியில் பழுத்த கதிரும் பால் கதிரும் பச்சைக் கதிரும் இருக்கும். அறுவடை தேதியை எதை வைத்து முடிவு செய்வது? உயரமான ரகமாக இருந்தால் சாயவும் செய்யும். வெறும் மாத எண்ணை ஏற்றி இறக்குவதால் இந்தப் பொருத்தமின்மை தீராது, ஓட்டத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டும்.

அதைச் செய்து காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். அங்கே சிஸ்ஸோ நிறுவனம் பாலியோலெஃபின் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட யூரியாவை நெல்லுக்கென்றே உருவாக்கியது, அதில் இரண்டு வகை. ஒன்று ஆரம்பத்திலிருந்தே சீராகக் கொடுப்பது. இன்னொன்று எஸ் எழுத்து மாதிரி வளைவது: முதல் சில வாரம் கிட்டத்தட்ட எதுவும் கொடுக்காது, பிறகு திறந்துகொள்ளும். டப்பாவில் 100 என்று இருந்தால் 25 டிகிரி தண்ணீரில் 100 நாளில் 80 சதவீதம் வெளிவரும் என்று பொருள். இந்த இரண்டாவது வகையை வைத்து வடக்கே அகிதா பகுதியில் ஒரு முறை வந்தது, பருவம் முழுமைக்கும் தேவையான தழைச்சத்தை நாற்றுத் தட்டிலேயே விதையோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். சாதாரண உரமாக இருந்தால் நாற்று அன்றைக்கே கருகிப்போகும். உறை திறக்காததால் நாற்று தாங்குகிறது, நடும்போது வேரில் ஒட்டியபடி உர மணியும் வயலுக்குப் போகிறது, பயிர் கேட்கும்போது திறக்கிறது. உரம் பயிரின் நாளுக்கு ஏற்ப நடந்துகொள்ள முடியும் என்பதற்கு இதை விட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் ஊர்க் கடையில் அந்த வகை கிடைப்பதில்லை. கிடைப்பது பூச்செடிக்குச் செய்ததுதான், அதில் நெல்லுக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. பூச்செடி உரங்களில் தழைச்சத்தின் ஒரு பெரிய பங்கு, பலவற்றில் பாதி வரை, நைட்ரேட் வடிவத்தில் இருக்கும். தண்ணீர் தேங்கிய தொட்டியில் ஓரிரு நாளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை எடுத்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். தொட்டிக்கு 1 கிராம் தழைச்சத்து போட்டதாக நோட்டில் எழுதியிருப்போம், பயிருக்கு அதில் பாதிக்குத்தான் வாய்ப்பு கிடைத்திருக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடும் சோதனையாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும், காய்ச்சலில் அம்மோனியமும் நைட்ரேட்டாக மாறும், பாய்ச்சலில் அதுவும் போகும். அதனால் நெல்லுக்கு உறை உரம் வாங்கும்போது தழைச்சத்து எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். யூரியா அல்லது அம்மோனியம் அதிகம் இருப்பதுதான் நெல்லுக்கு. கோதுமைக்கும் சோளத்துக்கும் இந்தக் கவலை இல்லை, தொட்டியில் வடிகால் நன்றாக இருந்தால் நைட்ரேட் அவற்றுக்கு நல்லதுதான்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வேப்பெண்ணெய் பூசிய யூரியாவும் மெதுவாகக் கரையும் உரம்தானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2015லிருந்து நம் நாட்டில் தயாராகும் யூரியா கிட்டத்தட்ட எல்லாமே வேப்பெண்ணெய் பூசியதுதான், அதனால் கையில் இருப்பது அதுதான். ஆனால் அந்தப் பூச்சு யூரியா கரைவதைத் தடுப்பதில்லை, தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் கரைந்துவிடும். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத்தான் அது தாமதப்படுத்துகிறது. நெல்லுக்கு அது உண்மையிலேயே நன்மை, ஆனால் உறை உரத்தின் வேலையை அது செய்யாது. 2023இல் வந்த "யூரியா கோல்டு" வேறு வகை, அது கந்தகம் பூசியது, தழைச்சத்து 37 சதவீதமும் கந்தகம் 17 சதவீதமும் இருக்கும். கந்தகப் பூச்சு 1960களில் அமெரிக்காவின் அலபாமாவில் உருவான பழைய யோசனை. அதன் குணம் என்னவென்றால், கசிவதை விட விரிசல் விடுவதுதான் அதிகம், விரிசல் விட்ட குருணையில் உள்ளே இருப்பது மொத்தமாக வந்துவிடும். வயலில் லட்சக்கணக்கான குருணைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் விரிசல் விடுவதால் மொத்தத்தில் மெதுவாக வருவது போல ஆகிவிடுகிறது. ஒரு சிறிய தொட்டியில் சில பத்துக் குருணைகளை மட்டும் போட்டால் தொட்டிக்குத் தொட்டி வித்தியாசம் வந்துவிடும், ஒப்பீட்டுச் சோதனைக்கு இது ஆகாது.

அளவு எவ்வளவு? இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது ஹெக்டேர் பரிந்துரையை எடுத்துத் தொட்டிக்கு வகுப்பது. ஒரு ஹெக்டேர் மேல்மண் ஏறத்தாழ 22 லட்சம் கிலோ, அதில் 150 கிலோ தழைச்சத்து என்றால் ஒரு கிலோ மண்ணுக்கு 68 மில்லிகிராம், 10 கிலோ தொட்டிக்கு 0.68 கிராம். கணக்கு சரிதான், ஆனால் அந்த 150 கிலோவை வயல் தனியாகக் கொடுப்பதில்லை. வயலில் நெல் எடுக்கும் தழைச்சத்தில் பாதியோ அதற்கு மேலோ மண்ணிலிருந்தே வருகிறது, போட்ட உரத்திலிருந்து இல்லை. தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டியில் அந்த மண் எங்கே இருக்கிறது? போதாததற்கு, மக்காத நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் இருப்பதால் அது மக்கும்போது நாம் போட்ட தழைச்சத்தையே நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும். மக்கிய நார்க்கழிவைத்தான் எடுக்க வேண்டும், அதையும் உப்பு போகக் கழுவி.

அதனால் நான் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். 8 லிட்டர் தொட்டியில் ஒற்றை நெல் செடி, சுற்றிலும் வெளிச்சம் இருப்பதால் வயலில் இருப்பதை விட அதிகம் தூர் கட்டும், 40 கிராம் நெல்லும் 45 கிராம் தாளும் எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நெல் மணியில் தழைச்சத்து ஏறத்தாழ 1.2 சதவீதம், தாளில் 0.6 சதவீதம். நெல் மணிகளுக்கு 0.48 கிராம், தாளுக்கு 0.27 கிராம், மொத்தம் 0.75 கிராம். போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு செடிக்குப் போய்ச் சேரும் என்று வைத்தால் 1.1 கிராமுக்குக் கொஞ்சம் மேலே போட வேண்டும். 16 சதவீதம் தழைச்சத்து உள்ள உரமாக இருந்தால் மொத்தமும் அதிலேயே கொடுக்க 7 கிராம் ஆகும்.

நான் மொத்தத்தையும் அதில் கொடுப்பதில்லை. 4 கிராம் உறை உரம் அடியுரமாக, அதில் 0.64 கிராம் தழைச்சத்து. மீதி 0.5 கிராமை யூரியாவாக, அதாவது 1.1 கிராம் யூரியாவை இரண்டாகப் பிரித்து, கதிர் உருவாகத் தொடங்கும்போது ஒரு பாதியும் தொண்டைக்கதிரில் மறு பாதியும் மேலுரமாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன். தேங்கி நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு ஊற்ற வேண்டும், மறுநாள் தண்ணீர் கட்டிக்கொள்ளலாம். ஒரே தடவை போட்டால் போதும் என்ற வசதி இதில் போய்விடுகிறதே என்றால், ஆமாம், போய்விடுகிறது. ஆனால் இருபது நாளுக்கு ஒரு தடவை கரைசல் ஊற்றும் வேலை மொத்தப் பருவத்துக்கும் இரண்டு தடவையாகக் குறைகிறது, கடைசி கட்ட உரம் எப்போது போகிறது என்பதும் நம் கையில் இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. வங்கதேசத்தில் நெல் விவசாயிகள் யூரியாவைக் கோலி போல உருட்டிய பெரிய மணியாக வாங்கிச் சேற்றில் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால் அம்மோனியம் அப்படியே நின்று வேருக்கு வார வாரமாகக் கிடைக்கிறது. சேற்று மண் நிரப்பிய நெல் தொட்டிக்கு இது நன்றாகப் பொருந்தும், நார்க்கழிவுக்குப் பொருந்தாது, அது பிடித்து வைத்திருக்காது.

தொட்டியின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சின்னத் தொட்டியின் குறையை உரத்தால் சரிக்கட்டப் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. 2012இல் தாவர ஆய்வாளர் ஹென்ட்ரிக் போர்ட்டரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், தொட்டியின் கொள்ளளவு இரட்டிப்பானால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. உரம் கூடப் போட்டாலும் 2 லிட்டர் தொட்டி 8 லிட்டர் ஆகாது, உப்புதான் ஏறும்.

உப்பு என்றதும் பசுமைக்குடிலின் இன்னொரு சங்கதி வருகிறது. வெளியில் மழை பெய்து உப்பைக் கழுவும், உள்ளே மழை இல்லை. போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அதோடு உரம் சூட்டில் வேகமாகக் கசிந்தால் இலை நுனி கருகும். அதை உரக் குறைபாடு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டுவிடுவோம். வடிகால் உள்ள தொட்டியில் ஒரு எளிய சோதனை இருக்கிறது: தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, தொட்டியைத் தட்டின் மேல் தூக்கி வைத்து மேலிருந்து கொஞ்சம் சுத்தமான தண்ணீர் ஊற்றி, அடியில் முதலில் வடிவதைப் பிடித்து, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்து மீட்டரில் வைத்துப் பாருங்கள். வாரம் ஒரு தடவை, அதே நான்கைந்து தொட்டிகளில். எண் ஏறிக்கொண்டே போனால் உரம் பயிரை விட வேகமாக ஓடுகிறது, இறங்கிக்கொண்டே போனால் மணி காலியாகிக்கொண்டு இருக்கிறது. ஒற்றை அளவை விட இந்தப் போக்குதான் தகவல்.

மணியையே எடுத்துப் பார்க்கும் வழியும் உண்டு, எனக்கு மீட்டரை விட இதில்தான் நம்பிக்கை. வேர்ப் பக்கத்தில் விரலால் கிண்டி நான்கைந்து மணிகளை எடுத்துக் கழுவி, ஒவ்வொன்றையும் இரண்டு நகங்களுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். உள்ளே கெட்டியாக, உடைத்தால் வெள்ளைக் கரு தெரிந்தால் இன்னும் நிறைய இருக்கிறது. பிதுங்கித் தண்ணீர் தெறித்தால் கரைந்து வந்துகொண்டு இருக்கிறது, பாதிக்கு மேல் போயிருக்கும். அழுத்தியதும் வெறும் தோலாகச் சப்பையானால் முடிந்துவிட்டது. நான் இப்போதெல்லாம் கொசுவலைத் துணியில் சின்னச் சின்ன முடிச்சாக 2 கிராம் மணியைக் கட்டி நாலைந்து தொட்டிகளில் நடும்போதே புதைத்து விடுகிறேன், நூல் வெளியே தெரியும்படி. இருபது நாளுக்கு ஒரு முடிச்சை இழுத்துக் கழுவி, காயவைத்து, எடை போட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று அந்தக் குடிலுக்கே உரிய கணக்கு கிடைத்துவிடுகிறது. கோடைக்கும் கார்த்திகைக்கும் அந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது, பட்டத்துக்குப் பட்டம் எடுக்க வேண்டும்.

தழைச்சத்தைப் பற்றியே பேசிவிட்டேன். மணிச்சத்து (பாஸ்பரஸ்) இந்த உறைகளிலிருந்து எல்லாவற்றையும் விடத் தாமதமாகத்தான் வெளிவரும், ஆனால் பயிர் அதைக் கேட்பதோ வேர்விடும் முதல் வாரங்களில். அதனால் அடியில் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் கலந்துவிடுவது நல்லது. நெல் நட்டு மூன்று, நான்கு வாரத்தில் இலையில் துருப் பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி வந்தால் துத்தநாகம் குறைவு. மண் இல்லாத கலவையில் தண்ணீர் தேங்காமல் வளரும் நெல்லில் இளம் இலை வெளுத்து வந்தால் இரும்பு, அதற்கு யூரியா ஊற்றிப் பயனில்லை. சிலிக்கா எந்த உறை உரத்திலும் வருவதாக நான் பார்த்ததில்லை, நெல்லோ அதை மூட்டை மூட்டையாக எடுக்கும் பயிர், மண் இல்லாத தொட்டிக்குக் கொஞ்சம் உமிச்சாம்பல் போடுகிறேன்.

கலக்கும் முறையில் இரண்டு, மூன்று விஷயம். உறை கீறினால் எல்லாம் போச்சு, அதனால் சிமென்ட் கலவை இயந்திரத்தில் நீண்ட நேரம் சுற்ற விடக் கூடாது. கலவையை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவதாக இருந்தால் உரத்தைப் பிறகுதான் போட வேண்டும், முன்னால் போட்டால் அந்தச் சூட்டிலேயே உள்ளிருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். உரம் கலந்த ஈரக் கலவையை மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைத்திருந்தால் செடி இல்லாமலே உரம் கசிந்துகொண்டு இருக்கும், ஒரு வாரத்துக்குள் தொட்டியில் நிரப்புங்கள். சோதனைத் தொட்டி என்றால் மொத்தமாகக் கலக்காமல் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக எடை போட்டுக் கலப்பதுதான் சரி. ஒரு மணியின் எடையே சில பத்து மில்லிகிராம், ஒரு லிட்டர் தொட்டிக்கு ஒரு கிராம் என்றால் மொத்தமே சில டஜன் மணிதான், அதில் பத்து கூடக் குறைய விழுந்தால் அதுவே உங்கள் ரகங்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசத்தை மூடிவிடும். நெல் தொட்டியில் மேலே தூவவும் கூடாது. மேலே கிடந்தால் பாசிதான் முதலில் சாப்பிடும், காலியான உறைகள் தண்ணீரில் மிதக்கவும் செய்யும்.

அந்த மிதக்கும் உறைகளைப் பற்றி ஜப்பானில் இப்போது பெரிய கவலை. பல ஆண்டுகளாக நெல் வயலில் போட்ட உறை உரங்களின் காலித் தோல்கள் வடிகால் வழியாக ஆற்றுக்கும் கடற்கரைக்கும் போய்ச் சேர்கின்றன. 2030க்குள் பிளாஸ்டிக் உறை உரத்தை நம்பாத விவசாயத்துக்கு மாறுவதென்று அங்கே கூட்டுறவு அமைப்பும் உரத் துறையும் 2022இல் அறிவித்தன. மக்கும் உறைகளுக்கான வேலை அங்கேயும் ஐரோப்பாவிலும் நடக்கிறது. பசுமைக்குடிலில் நம்மால் அதற்கு முன்பே ஒன்று செய்ய முடியும். அறுவடை முடிந்ததும் பழைய கலவையை வாழைத் தோப்பிலோ வாய்க்கால் ஓரத்திலோ கொட்டாமல், காயவைத்துச் சலித்துவிட்டு, மிஞ்சியதை ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டால் காலி உறைகள் மேலே வந்துவிடும், வடிகட்டி எடுத்துத் தனியாகக் கட்டி வைக்கலாம். அடியில் தங்கும் மணிகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள், அதில் இன்னும் தண்ணீர் தெறித்தால் அடுத்த பட்டத்துக்கு அந்தக் கலவையைப் பயன்படுத்தும்போது அடியுரத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.